கார் நிற்கும் இடத்தில் பேருந்து ஏறும்

75 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் ஹாங்காங்கில், எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் ஒரு மணி நேரத்துக்குள் மலையடிவாரத்தில் இறங்கிவிடலாம். கையில் ஒரு பயண அட்டை இருந்தால் போதும்.

ஹாங்காங்கின் கிழக்கு ஓரத்தில் சாய் குங் என்றொரு கடற்கரை ஊர். அங்கிருந்து மலைக்குள் போகும் சாலையில், பாக் டாம் சுங் என்ற இடத்தில் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பம் வருகிறது. எவ்வளவு விலையுயர்ந்த காராக இருந்தாலும், உரிய அனுமதி இல்லாவிட்டால் அதற்கு மேல் போக முடியாது. ஆனால் பின்னால் வரும் 94-ஆம் எண் பேருந்துக்குக் கம்பம் உயர்கிறது. முதுகில் பையோடும் கையில் ஊன்றுகோலோடும் நெரிசலில் நிற்பவர்களைச் சுமந்துகொண்டு அது வனப் பூங்காவுக்குள் நுழைகிறது. காரில் வந்தவர்களும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அடுத்த பேருந்துக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

ஒரு நகரம் தன் மலையை யாருக்காகத் திறந்து வைத்திருக்கிறது என்பதை அறிய இந்த ஒரு கம்பத்தைப் பார்த்தாலே போதும்.

ஹாங்காங் என்றதும் நம் ஊர்க்காரர்களின் மனதில் எழுவது வானுயர்ந்த கட்டடங்கள், மின்னும் துறைமுகம், எலெக்ட்ரானிக்ஸ் கடைகள், டிஸ்னிலேண்ட். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் அது பாதிகூட இல்லை. சுமார் 1,110 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஊர் அது. சென்னை மாநகராட்சியைப் போல இரண்டரை மடங்கு. அதில் கட்டடங்களும் சாலைகளும் பிடித்திருப்பது கால்வாசிக்கும் குறைவு. ஏறத்தாழ 40 சதவீதம் சட்டத்தால் காக்கப்படும் வனப் பூங்காக்கள். மலை, ஓடை, நீர்த்தேக்கம், யாருமற்ற கடற்கரை என்று விரிந்து கிடக்கும் இவற்றின் எண்ணிக்கை இப்போது 25. கடைசியாகச் சேர்ந்த ராபின்ஸ் நெஸ்ட், சீன எல்லையை ஒட்டிய மலை. 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் எதிலும் கிடையாது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் அதிகமான முறை மக்கள் இங்கே வந்து போகிறார்கள்.

தண்ணீர் காத்த மலைகள்

நிலத்தின் விலை உலகிலேயே உச்சத்தில் இருக்கும் ஊரில் இவ்வளவு மலை எப்படி மிஞ்சியது? அழகுணர்ச்சியால் மட்டும் மிஞ்சவில்லை. தாகத்தால் மிஞ்சியது.

ஹாங்காங்கில் பெரிய ஆறு கிடையாது, இயற்கையான ஏரியும் கிடையாது. மலையில் விழும் மழையைப் பிடித்து வைத்தால்தான் குடிநீர். அதனால் பிரிட்டிஷார் காலத்திலேயே மலைச்சரிவுகளைச் சுற்றிக் கால்வாய் வெட்டி, பள்ளத்தாக்குகளில் அணை கட்டினார்கள். கவுலூன் நீர்த்தேக்கம் 1910-லும் ஷிங் முன் நீர்த்தேக்கம் 1937-லும் முடிந்தன. மழைநீர் இறங்கி வரும் சரிவில் குடியிருப்பு வந்தால் குடிநீர் கெடும் என்பதால் அங்கே வீடு கட்ட விடவில்லை. அந்த நீர்ப்பிடிப்புக் கால்வாய்களின் கரைகள்தான் இன்று முதியவர்களும் குழந்தைகளும் மேடுபள்ளம் இல்லாமல் நடக்கும் சமதளப் பாதைகள்.

இவ்வளவு செய்தும் 1963-ல் மழை பொய்த்தபோது, நான்கு நாளுக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் மட்டுமே குழாயில் தண்ணீர் வந்தது. தெருக்குழாயில் குடங்களும் தகர டின்களும் வரிசை கட்டிய அந்த நாள்களை ஹாங்காங்கின் மூத்த தலைமுறை மறக்கவில்லை. 1965-ல் சீனாவின் டோங்ஜியாங் ஆற்றிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியது. கடலின் ஒரு கரத்தையே அணையால் அடைத்து, உப்புநீரை வெளியேற்றி, ப்ளவர் கோவ் நீர்த்தேக்கத்தை உருவாக்கி முடித்தது 1968-ல். சாய் குங்கின் ஹை ஐலண்ட் நீர்த்தேக்கம் 1978-ல். இந்த வேலைகளுக்காகப் போட்ட சாலைகள் யாரும் எட்டிப்பார்க்காத மூலைகளை ஊரோடு இணைத்தன.

மலைகள் அப்போது இன்றுபோல் பசுமையாகவும் இல்லை. விறகுக்காகத் தலைமுறை தலைமுறையாக வெட்டப்பட்டவை. ஜப்பானிய ஆக்கிரமிப்பு நடந்த 1941 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில் எரிபொருள் இல்லாத மக்கள் மிச்சத்தையும் வெட்டித் தீர்த்தார்கள். போருக்குப் பின் பைன், கருவேலின் உறவான தைவான் அகேசியா, ஆஸ்திரேலிய மரமான பிரிஸ்பேன் பாக்ஸ் என்று சீக்கிரம் வளர்பவற்றை நட்டு மண்ணைப் பிடித்து நிறுத்தினார்கள். நாம் இன்று 'காடு' என்று வியந்து நடக்கும் இடங்களில் பெரும்பகுதி மனிதக் கைகள் நட்டது.

1965-ல் லீ டால்பாட், மார்த்தா டால்பாட் என்ற அமெரிக்க இயற்கை ஆய்வாளர் தம்பதி, ஹாங்காங்கின் இயற்கையைப் பாதுகாக்கத் தனி ஏற்பாடு வேண்டும் என்று அரசிடம் அறிக்கை கொடுத்தார்கள். அடுத்த இரண்டாண்டில், 1967-ல், நகரில் பெரும் கலவரம் வெடித்தது. நெருக்கமான அறைகளில் அடைபட்டு, வேலைக்கும் தூக்கத்துக்கும் நடுவே மூச்சு விட இடமில்லாத இளைஞர்களுக்கு ஒரு வெளி வேண்டும் என்பது அதன் பிறகு ஆட்சியாளர்களுக்கு உறைத்தது. 1971-ல் ஆளுநராக வந்த மர்ரே மாக்லிஹோஸ் தாமே மலை நடப்பதில் ஆர்வமுள்ளவர். 1976-ல் வனப் பூங்காச் சட்டம் வந்தது. 1977 ஜூனில் ஷிங் முன், காம் ஷான், லயன் ராக் ஆகிய மூன்றும் முதல் பூங்காக்கள் ஆயின. 1979-க்குள் எண்ணிக்கை 21-ஐத் தொட்டது. இரண்டே ஆண்டில் இவ்வளவு வேகமாக ஓர் அரசு தன் மலைகளைப் பூட்டிப் பாதுகாத்ததை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன். பத்தாண்டு தாமதித்திருந்தால் நிலத்தின் விலை அதை நடக்க விட்டிருக்காது.

ஒரு நிறுத்தத்தில் இறங்கி, இன்னொன்றில் ஏறுவது

சட்டம் மலையைக் காத்தது. மக்களை மலைக்குக் கொண்டு சேர்த்தது பேருந்து.

ஹாங்காங்கில் அன்றாடப் பயணங்களில் பத்துக்கு ஒன்பது பொதுப் போக்குவரத்தில்தான் நடக்கின்றன. கார் வாங்கினால் வரியும் நிறுத்துமிட வாடகையும் கழுத்தை நெரிக்கும். ஆகவே காரில் மட்டுமே போக முடிந்த பூங்கா இருந்தால், ஊரில் பெரும்பாலோருக்கு அது இல்லாத பூங்கா. மலைக் கிராமங்களுக்கும் அணைகளுக்கும் கோயில்களுக்கும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பேருந்துகள் இந்தச் சிக்கலைத் தீர்த்தன. விடுமுறை நாள் கூட்டத்துக்கென்று தனித் தடங்களும் வந்தன. டயமண்ட் ஹில் ரயில் நிலையத்திலிருந்து சாய் குங் வழியாக வோங் ஷெக் படகுத்துறை வரை போகும் 96ஆர், டாய் போ சந்தையிலிருந்து பிரைட்ஸ் பூல் அருவிக்குப் போகும் 275ஆர் இரண்டும் அப்படிப்பட்டவை.

பேருந்தில் போவதால் நடைக்குக் கிடைக்கும் ஒரு சுதந்திரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. காரில் போனவர் எங்கே சுற்றினாலும் கார் நிற்கும் இடத்துக்கே திரும்பியாக வேண்டும். பேருந்தில் போனவருக்கு அந்தக் கட்டு இல்லை. மலையின் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, அங்கே வரும் வேறொரு பேருந்தைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். ஹாங்காங்கின் நீண்ட மலைப்பாதைகள் பலவும் இப்படித்தான் அமைந்திருக்கின்றன.

மாக்லிஹோஸ் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 அக்டோபரில் திறக்கப்பட்ட இது 100 கிலோமீட்டர் நீளம். கிழக்கே பாக் டாம் சுங்கில் தொடங்கி எட்டு வனப் பூங்காக்களைக் கடந்து மேற்கே டுயென் முன் நகரில் முடிகிறது. பத்துப் பகுதிகள். இரண்டாவது பகுதி முடியும் பாக் டாம் ஆவ் கணவாயில் 94-ஆம் எண் நிற்கிறது. ஐந்தாவது பகுதி முடியும் டாய் போ சாலையில் 81 வருகிறது. எட்டாவது பகுதி டாய் மோ ஷான் உச்சியைச் சுற்றி ட்விஸ்க் சாலையில் இறங்கினால் அங்கே 51. ஒரே மூச்சில் 100 கிலோமீட்டர் நடக்கத் தேவையில்லை. ஞாயிறுக்கு ஒரு பகுதி என்று, ஒரு குளிர்காலத்துக்குள் முடித்துவிடுகிறவர்கள் ஏராளம்.

1996-ல் திறக்கப்பட்ட 78 கிலோமீட்டர் வில்சன் பாதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஹாங்காங் தீவின் தென்கோடியில் ஸ்டான்லி அருகே தொடங்கி வடக்கே சீன எல்லைப் பக்கம் போக வேண்டிய பாதை அது. நடுவே துறைமுகம். என்ன செய்வது? க்வாரி பே நிலையத்தில் மெட்ரோ ஏறி, கடலுக்கு அடியில் போய், அக்கரையில் லாம் டினில் இறங்கி நடையைத் தொடர வேண்டும். மலைப்பாதையின் ஒரு துண்டு மெட்ரோ ரயில்! பொதுப் போக்குவரத்தும் மலையும் இந்த ஊரில் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

முதல்முறை போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்வது டிராகன்ஸ் பேக். ஷாவ் கெய் வான் மெட்ரோ நிலையத்துக்கு வெளியே 9-ஆம் எண் பேருந்து நிற்கும். வளைந்து வளைந்து ஏறி, தோ டெய் வான் நிறுத்தத்தில் இறக்கிவிடும். சற்று நேரம் புதர்க்காட்டுக்குள் ஏறினால் முகடு. இருபுறமும் கடல். மேடும் பள்ளமுமாகப் போகும் அந்த முகட்டின் உயரமான இடம் ஷெக் ஓ சிகரம், வெறும் 284 மீட்டர். உயரம் பார்த்து அலட்சியம் செய்யாதீர்கள். காற்று ஆளைத் தள்ளும். பிறகு நிழலான காட்டுவழியாக இறங்கி பிக் வேவ் பே கடற்கரையில் கால் நனைத்துவிட்டு, சிற்றுந்து பிடித்தால் மீண்டும் ஷாவ் கெய் வான். காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

என்னைக் கேட்டால் சாய் குங்தான் முதலிடம். சாய் குங் ஊரிலிருந்து 29ஆர் சிற்றுந்து, சாய் வான் மண்டபம் என்ற இடத்தில் விடுகிறது. அங்கிருந்து இறங்கினால் சாய் வான் கடற்கரை. ஒரு குன்றைத் தாண்டினால் ஹாம் டின். வெண்மணல், தெளிந்த நீர், பின்னால் கூரிய ஷார்ப் பீக். ஓடையைக் கடக்க ஒடுங்கிய பலகைப் பாலம் ஒன்று. அதைத் தாண்டினால் கிராமத்துக் கடையில் சூடாக நூடுல்ஸும் பால் டீயும் கிடைக்கும். மணலில் மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். 1970-களில் விவசாயம் நின்றுபோய் மக்கள் நகரத்துக்குப் போனபோது விட்டுச்சென்ற உழவு மாடுகளின் சந்ததி இவை. இப்போது யாருக்கும் சொந்தமில்லாமல் மலையில் மேய்கின்றன. அங்கிருந்து ஹக்கா மக்கள் கல் பாவிய பழைய பாதையில் செக் கெங் வழியாக ஏறி பாக் டாம் ஆவ் கணவாய்க்கு வந்தால் பேருந்து.

பக்கத்திலேயே ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தின் கிழக்கு அணை. சுமார் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பும் சாம்பலும் ஆறியபோது உருவான அறுகோணக் கல்தூண்கள் அங்கே சுவர்போல் நிற்கின்றன. சராசரியாக ஒரு மீட்டருக்கு மேல் அகலம். மாக்லிஹோஸ் பாதையின் முதல் பகுதி இதன் வழியாகவே போகிறது.

காம் ஷானுக்கு 81-ஆம் எண்ணில் போனால் குரங்குகள் வரவேற்கும். அங்குள்ள கவுலூன் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வளர்ந்த நச்சுக்கொடியின் பழம் தண்ணீரில் விழுந்து மக்களைப் பாதிக்கும் என்று அஞ்சி, அதைத் தின்னக்கூடிய செம்முகக் குரங்குகளை 1910-களில் கொண்டுவந்து விட்டதாகச் சொல்வார்கள். அவற்றுக்குத் தீனி போடுவது 1999 முதல் சட்டப்படி குற்றம். கையில் பிளாஸ்டிக் பை வைத்திருக்காதீர்கள். அதற்குள் உணவு இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியும். 957 மீட்டர் உயரமுள்ள டாய் மோ ஷானுக்குப் போகிறவர்கள், அடிவாரத்தில் சுவென் லுங் கிராமத்துத் தேநீர்க் கடையில் காலையிலேயே டிம் சம்மும் அங்கேயே விளைந்த நீர்க்கீரையும் சாப்பிட்டுவிட்டு ஏறுவது வழக்கம்.

கூர்க்காக்களின் பாதை

மாக்லிஹோஸ் பாதைக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தவர்கள் நேபாளிகள். பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா சிக்னல்ஸ் படைப்பிரிவு ஹாங்காங்கில் இருந்தபோது, 1981-ல், வீரர்களுக்கான பயிற்சியாக 100 கிலோமீட்டர் நடையைத் தொடங்கியது. நால்வர் கொண்ட குழு. நால்வரும் சேர்ந்தே தொடங்கி, சேர்ந்தே முடிக்க வேண்டும். 1986-ல் ஆக்ஸ்பாம் அமைப்பு கைகோத்ததும் பொதுமக்களும் சேர்ந்தார்கள். நிதி திரட்டும் 'டிரெய்ல்வாக்கர்' நிகழ்ச்சியாக அது வளர்ந்து, பல நாடுகளுக்குப் பரவியது. கால வரம்பு 48 மணி நேரம். 1997-ல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பியபோது கூர்க்கா படை வெளியேறியது. அவர்களின் குடும்பங்களில் பல அங்கேயே தங்கிவிட்டன. இன்று ஜோர்டான், யுவென் லோங் பகுதிகளில் நேபாளிக் கடைகள் இருப்பது அதனால்தான்.

மலையில் அதிகம் தென்படுகிறவர்கள் வீரர்கள் இல்லை, தாத்தா பாட்டிகள். விடிந்ததும் தொப்பியும் துண்டுமாக ஏறி, எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் 'ஜோ சான்' என்று காலை வணக்கம் சொல்லி, மேலே மண்டபத்தில் உடற்பயிற்சி செய்து, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவார்கள். 65 வயதானவர்கள் எந்தத் தூரமும் இரண்டு ஹாங்காங் டாலரில் போகலாம் என்ற சலுகை 2012-ல் தொடங்கி, 2022-ல் 60 வயதுக்கு இறங்கியது. ஒரு முதியவரின் மலைக்காற்றுக்கு இந்தப் பேருந்துச் சலுகை செய்தது சிறிய உதவி இல்லை.

வீடா, காடா?

இந்த மலைகளுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஹாங்காங்கில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு வீட்டைப் பல துண்டாக்கிய சிற்றறைகளில் வாழ்கிறார்கள். சமையலும் கழிப்பறையும் ஒரே மூலையில் இருக்கும் அறைகள். இப்படி இருக்க 40 சதவீத நிலத்தை மரத்துக்கு விடலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. 2017-ல் டாய் லாம், மா ஓன் ஷான் பூங்காக்களின் ஓரத்தில் வீடு கட்ட முடியுமா என்று ஆராயும்படி அரசே கேட்டது. எதிர்ப்பு கிளம்பியது. அந்த இடங்களில் வீடு எழவில்லை.

அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே என் கருத்து. சிற்றறையில் வாழ்கிறவருக்குத்தான் இந்த மலை மற்ற எவரையும்விட அதிகம் தேவை. வசதி படைத்தவர் விடுமுறைக்கு ஜப்பான் போய்விடுவார். இவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பேருந்துதான் வெளியுலகம். கைவிட்ட வயல்களிலும் பழைய கிடங்கு நிலங்களிலும் கட்ட இன்னும் இடம் இருக்கும்போது மலையைத் தொடுவது எளிய வழி, சரியான வழி இல்லை.

2010-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். சாய் வான் கடற்கரையை ஒட்டி, பூங்காவுக்குள் சிக்கிய தனியார் நிலத்தை ஒரு செல்வந்தர் வாங்கித் தோண்டத் தொடங்கினார். மலை நடக்கப் போனவர்கள் எடுத்த படங்கள் வெளியாகி ஊரே கொதித்தது. 2013-ல் அந்த இடம் சாய் குங் கிழக்கு வனப் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. காரில்லாதவர்களும் எளிதில் போய் வர முடிந்த இடம் என்பதால்தான் அதற்காகக் குரல் கொடுக்க இத்தனை பேர் இருந்தார்கள்.

கூட்டம் கூடக்கூடச் சேதமும் கூடுகிறது. முகட்டுப் பாதைகள் தேய்ந்து பள்ளமாகின்றன. அவற்றை கான்கிரீட் போட்டு மூடியதை மலையேறிகள் எதிர்த்ததால், இப்போது பல இடங்களில் அங்கேயே கிடைக்கும் கல்லையும் மரத்தையும் கொண்டு தன்னார்வலர்கள் உதவியோடு செப்பனிடுகிறார்கள். 2017 இறுதிக்குள் மலைப்பாதைகளில் இருந்த குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். நிரம்பி வழிந்த தொட்டிகளைக் குரங்கும் பன்றியும் கிளறியதுதான் காரணம். கொண்டுபோன குப்பையை அவரவரே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. துணிச்சலான முடிவுதான்.

மலையடிவாரத்தில் போய் இறங்கிவிடுவது எளிது என்பதாலேயே ஆயத்தமில்லாமல் வருகிறவர்களும் உண்டு. 2016 ஜனவரி 24 அன்று நகரில் வெப்பநிலை 3.1 டிகிரிக்கு இறங்கியது; 1957-க்குப் பிறகு அவ்வளவு குளிர் இல்லை. உறைபனி பார்க்கும் ஆசையில் டாய் மோ ஷானுக்குக் கூட்டம் ஏறியது. சாலை பனிக்கட்டியாகி, மீட்க வந்த தீயணைப்பு வீரர்களே வழுக்கி விழுந்தார்கள். கோடையில் இதற்கு நேர்மாறு: நிழலில்லாத முகட்டில் வெயிலில் சுருண்டு விழுகிறவர்கள்.

ஆகவே ஹாங்காங் போகும் வாசகர்களுக்கு: நடக்க ஏற்றது அக்டோபர் முதல் மார்ச் வரை. விமான நிலையத்திலேயே ஆக்டோபஸ் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மெட்ரோ, பேருந்து, சிற்றுந்து எல்லாவற்றிலும் செல்லும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். புயல், கனமழை எச்சரிக்கை இருந்தால் போகாதீர்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே பார்த்துவிடுங்கள். மாக்லிஹோஸ் பாதையில் 500 மீட்டருக்கு ஒன்றாக எண்ணிட்ட தூரக் கம்பங்கள் இருக்கின்றன. கடைசியாகக் கடந்த எண்ணை நினைவில் வையுங்கள். ஆபத்தில் 999-ஐ அழைத்து அந்த எண்ணைச் சொன்னால், நீங்கள் நிற்கும் இடம் மீட்புக் குழுவுக்குத் தெரிந்துவிடும்.